மலைப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

வைகாசி மாதம் பிறந்துவிட்டால் கொல்லிமலையில் நமது பங்கு இல்லத்தின் திண்ணை வெறுமையாய் இருப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான மறுநாளிலிருந்தே பெற்றோர் வரத் தொடங்கிவிடுகின்றனர். மரவள்ளிக் காட்டில் களையெடுத்த கையோடு ஒருவர் வருவார். மிளகுக் கொடியைக் கட்டிவிட்டு ஒருவர் வருவார். பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு இன்னொருவர் வருவார். வருபவர் எல்லாரும் நம் பங்கு மக்கள் அல்லர். ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுவரரைக் கும்பிடும் குடும்பங்களும் அவர்களுள் உண்டு. ஆயினும் கேள்வி ஒன்றே: "சாமி, புள்ளைய எந்தக் காலேஜுல சேக்கறது?"

அண்மையில் அப்படி வந்த ஒரு தகப்பனாரைப் பற்றி இங்கே எழுத விழைகிறோம். மகளும் உடன் வந்திருந்தாள். மனைவி சற்றுத் தள்ளித் தூணருகே நின்றார். மகள் 600-க்கு 561 மதிப்பெண் பெற்றிருந்தாள். சென்னையில் பெயர் பெற்ற மகளிர் கல்லூரி ஒன்று அவளுக்கு இடம் தருவதாகத் தெரிவித்திருந்தது. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் அரசு மகளிர் கலைக் கல்லூரியிலும் அவளுக்கு இடம் கிடைக்கும். தகப்பனார் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னார்: "மெட்ராசுன்னா பேரு இருக்குது, சாமி. நாமக்கல்லுன்னா நம்ம கண்ணு முன்னாடி இருக்கும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அதும்படி செஞ்சுடறேன்."

பத்து ஆண்டுகளுக்கு முன்னர் என்றால் அந்த ஒரு வார்த்தையை நாம் தயங்காமல் சொல்லியிருப்போம். "சென்னைக்கு அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு, பலாப்பழத்திற்கு நன்றி கூறி அனுப்பியிருப்போம். குருமடத்தில் படித்த நாள்முதல் நமக்குப் பெரிய கல்லூரிகள்மீது ஒரு மயக்கம் உண்டு. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்த தூய வளனார் கல்லூரி, 1923-இல் பாளையங்கோட்டையில் எழுந்த தூய சவேரியார் கல்லூரி, அதே ஆண்டில் திருச்சியில் பெண்களுக்கெனத் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரி, 1925-இல் பெர்ட்ராம் அடிகளார் நிறுவிய இலயோலா, 1947-இன் ஸ்டெல்லா மாரிஸ் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவோம். அவற்றின் வாயிலில் நுழைந்தாலே ஒரு பிள்ளையின் வாழ்வு திசை மாறிவிடும் என்பது நமது உறுதியான எண்ணம். அந்த எண்ணத்தைக் கொண்டுதான் ஒரு பையனை நாம் கெடுத்தோம். அதைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுதுவது நேர்மையாகாது.

அவன் குண்டூர் நாட்டுப் பக்கத்துப் பையன். அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, அவ்வாண்டு பள்ளியிலேயே முதல் மதிப்பெண் பெற்றவன். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமில்லை. அவனுடைய தகப்பனார் இராசிபுரம் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரியே போதும் என்றார். நாம்தான் விடவில்லை. "இவ்வளவு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு இராசிபுரமா?" என்று கேட்டோம். இராசிபுரத்தை அப்படிப் பேச நமக்கு என்ன தகுதி என்று அன்று எவரும் கேட்கவில்லை. பரிந்துரைக் கடிதம் எழுதி, சேர்க்கைக் கட்டணத்திற்கு ஒரு கொடையாளரைப் பிடித்து, சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் அவனைச் சேர்த்துவிட்டுத் திரும்பினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் அவனுடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டோம்.

ஆயுதபூசை விடுமுறைக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை.

அவனுக்கு மனவுறுதி இல்லை என்று நாம் முடிவு கட்டினோம். கொடையாளரிடமும் அவ்வாறே சொன்னோம். உண்மை என்னவென்று தெரிய நமக்குப் பல ஆண்டுகள் ஆயின. அவன் இப்போது ஒரு சரக்கு வண்டி வைத்திருக்கிறான். மக்கள் 'குட்டியானை' என்று அழைக்கும் சிறு வண்டி. வாழைத்தாரும் பலாவும் ஏற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகள் எழுபதையும் கடந்து காரவள்ளிக்கு இறங்குகிறவன். ஒரு மழைநாளில் பேருந்து வராமற்போக, அவனுடைய வண்டியில் ஏறினோம். நாற்பதாவது வளைவுக்கு அருகில் மரம் விழுந்து பாதை அடைபட்டிருந்தது. அங்கே காத்திருந்த இரண்டு மணி நேரத்தில்தான் அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

விடுதியின் உணவுக் கட்டணத்தை மாதந்தோறும் முதல் வாரத்திலேயே கட்ட வேண்டும். அரசின் கல்வி உதவித்தொகையோ ஆண்டு இறுதியில்தான் வரும். இடைப்பட்ட மாதங்களுக்கு வீட்டில் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. நம்மிடம் கேட்க வாய் வரவில்லை. உணவுக்கூடத்துப் பலகையில் கட்டணம் செலுத்தாதோர் பெயர் எழுதப்பட்ட நாள்முதல் அவன் அங்கே போவதை நிறுத்திவிட்டான். வகுப்பு முழுதும் ஆங்கிலம். பொருளியல் என்பது தமிழில் அவன் தலைகீழாகப் படித்த பாடம். ஆங்கிலத்தில் கேட்டபோது முன்பின் அறியாத பாடமாயிற்று. சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்று இருந்ததைக் கண்ட அறைத்தோழர்கள், "கேரளாவா? எங்கே, மலையாளத்தில் ஒரு வரி பேசு" என்று கேட்டார்கள். கொல்லிமலை, கல்வராயன்மலை, சேர்வராயன்மலை ஆகியவற்றில் தமிழ் பேசி வாழும் பழங்குடி மக்களுக்கு அதுவே பெயர் என்று முதல்நாள் விளக்கினான். இரண்டாம் நாளும் விளக்கினான். பிறகு விட்டுவிட்டான். அவர்கள் தீயவர்கள் அல்லர் என்றும் அவனே சொன்னான். "கிண்டலுக்குத்தான் சாமி கேட்டாங்க. ஆனா தெனமும் கேட்டாங்க."

"ஏன் அப்பா நமக்கு ஒரு கடிதம் எழுதவில்லை?" என்று கேட்டோம். "நீங்களும் எழுதலையே சாமி" என்றான். குரலில் குறை ஏதும் இல்லை. மழை நின்றுவிட்டதா என்று கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னது நம்முள் இன்றும் கிடக்கிறது.

கடிதம் என்றவுடன் இந்த மலையில் வளர்ந்த வேறொரு பிள்ளையின் நினைவு வருகிறது. வாழவந்தியில் இரண்டு கல்லறைகள் அருகருகே உள்ளன. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயத் தம்பதியருடையவை. சீர்திருத்த சபையைச் சேர்ந்த அவர்கள் 1913-இல் திருமணம் முடித்த கையோடு இம்மலைக்கு ஏறி வந்தவர்கள். மலேரியா காய்ச்சல் ஆட்சி செய்த அந்நாளில் மருத்துவமும் பள்ளியும் இங்கே கொண்டுவந்தார்கள். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தவர். மரம் ஏறியும் மலையருவியில் குளித்தும் நம் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தமிழ் பேசி வளர்ந்தவர். 1923-இல், ஒன்பது வயதில், படிப்பிற்காக அவரையும் தங்கையையும் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். தந்தை கப்பலில் கடிதம் அனுப்புவார். மலையின் பறவையையும் செடியையும் பற்றி எழுதுவார். 1929-இல் மலேரியாவை ஒட்டி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். இறந்த செய்தி தந்தியில் விரைந்து போயிற்று. அவர் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதமோ அதன்பின்னர்தான் கப்பலில் மெல்லப் போய்ச் சேர்ந்தது. ஒன்பது வயதில் கண்ட தந்தையை மகன் மறுபடியும் காணவில்லை.

அந்தப் பிள்ளை பிறகு என்ன ஆனார் என்பதை வேலூர் அறியும். பள்ளிப் படிப்பிற்குப் பின் அவர் நேரே மருத்துவம் படிக்கச் செல்லவில்லை. சில ஆண்டுகள் கட்டட வேலையும் தச்சு வேலையும் பயின்றார். பின்னரே இலண்டனில் மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாணை எடுத்து இணைத்து மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை மருத்துவத்தை அங்கே வளர்த்தெடுத்தார். அதன் பெயரால் உலகம் அவரை அறிந்தது. தாய் ஈவ்லினோ கணவர் இறந்த பின்னும் மலைகளை விடவில்லை. முதுமையிலும் குதிரைமீதேறி மலை மலையாய்ச் சென்று, 1974-இல் தம் 95-ஆம் வயதில் இறந்து, கணவர் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

தொலைவில் படித்த படிப்பு எத்தனையோ ஆயிரம் கைகளை நிமிர்த்தியது. அதே தொலைவு ஒரு சிறுவனிடமிருந்து தந்தையைப் பறித்துக்கொண்டது. இவற்றில் ஒன்றை மட்டும் சொல்வோர் முழுக்கணக்கைச் சொல்லாதவர்கள்.

அந்தத் தகப்பனாருக்கு உடனே விடை சொல்லாமல், ஒரு வாரம் பொறுக்குமாறு வேண்டினோம். அந்த வாரத்தில் இருவரிடம் பேசினோம். ஒருவர் நம்மோடு குருமடத்தில் படித்து, இப்போது அமெரிக்காவின் தென்மாநிலமாகிய ஜார்ஜியாவில் பங்குப் பணியாற்றும் நண்பர். மற்றவர் அந்தக் குட்டியானை ஓட்டுநர்.

நண்பர் சிரித்தார். "இங்கேயும் இதே கேள்விதான்" என்றார். அங்கே வடகிழக்கில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் முதலிய பழைய கல்லூரிகள் உள்ளன. ஹார்வர்டு 1636-இல் தோன்றியது. அமெரிக்க நாடே அப்போது பிறக்கவில்லை. தெற்கில் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மாநிலத்திலேயே நிறுத்திக்கொள்ள ஜார்ஜியா அரசு 1993 முதல் பரிசுச்சீட்டு வருமானத்திலிருந்து உதவித்தொகை தருகிறது. (பரிசுச்சீட்டில் பணம் இழப்போர் பெரும்பாலும் ஏழைகள் என்பதால், அந்தப் பணத்தில் நடுத்தர வகுப்பார் பிள்ளைகள் படிப்பதைக் குறித்து நண்பருக்கு மனத்தாங்கல் உண்டு, அது வேறு கதை.) ஆகவே அவருடைய பங்கிலும் ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் வந்து, "அருகிலிருக்கும் மாநிலப் பல்கலைக்கழகமா, தொலைவிலுள்ள பெயர்பெற்ற கல்லூரியா?" என்று கேட்கின்றனர்.

அவர் சொன்ன இரண்டு ஆய்வுகள் நம்மைச் சிந்திக்க வைத்தன. டேல், குரூகர் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 2002-இல் வெளியிட்டது ஒன்று. உயர்ந்த கல்லூரிகளில் இடம் கிடைத்தும் அங்கே போகாமல் சற்று எளிய கல்லூரிகளில் படித்தவர்களை அவர்கள் கணக்கெடுத்தனர். பிற்காலத்தில் இவர்களுடைய வருமானம், பெயர்பெற்ற கல்லூரிக்கே போனவர்களின் வருமானத்திற்குப் பெரும்பாலும் குறைந்திருக்கவில்லை. திறமை பிள்ளையிடம் இருந்தது. கல்லூரியின் பெயர்ப்பலகையில் இருக்கவில்லை. இதைக் கேட்டபோது, இராசிபுரம் போதும் என்ற அந்தத் தகப்பனாரின் முகம் நம் கண்முன் வந்தது. ஆனால் நண்பர் நிறுத்தவில்லை. அதே ஆய்வில் ஒரு விலக்கு உண்டு: வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உயர்ந்த கல்லூரியால் உண்மையாகவே நன்மை விளைந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அறிமுகமும் வழிகாட்டுதலும் வீட்டிலேயே கிடைக்கின்றன. ஏழைப் பிள்ளைக்கு அவை கல்லூரியில்தான் கிடைக்க வேண்டும்.

மற்றொன்று, 2012-இல் ஹாக்ஸ்பி, ஏவரி என்பவர்கள் செய்தது. நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் உயர்ந்த கல்லூரிகளுக்கு விண்ணப்பமே அனுப்புவதில்லை என்று அவர்கள் கண்டனர். செலவு காரணம் என்றால் அதுவும் இல்லை. அக்கல்லூரிகள் தரும் உதவியைக் கழித்தால், அருகிலுள்ள எளிய கல்லூரியைவிட அங்கே செலவு குறைவு. பிறகு ஏன் விண்ணப்பிக்கவில்லை? அப்பிள்ளைகள் சிற்றூர்களில் ஒருவராய் இருவராய்ச் சிதறிக் கிடந்தார்கள். அத்தகைய கல்லூரியில் படித்த ஓர் ஆசிரியரையோ அண்ணனையோ அவர்கள் சந்தித்ததே இல்லை. "உங்கள் மலையைப் பற்றி எழுதியது போலிருக்கிறதே" என்றார் நண்பர். நமக்கும் அப்படியே தோன்றிற்று.

நம் நாட்டுக் கணக்கும் ஓரளவு இதையே சொல்கிறது. தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்குரிய பங்கு 1 விழுக்காடு. நடுவண் அரசின் நிறுவனங்களிலோ அது 7.5 விழுக்காடு. திருச்சியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம், சென்னை ஐ.ஐ.டி., 2009-இல் தோன்றிய திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லிக் கல்லூரிகள் எல்லாம் இந்த இரண்டாம் கணக்கில் வருவன. எட்டாத உயரம் என்று நம் மக்கள் நினைக்கும் வாயில்தான் அவர்களுக்கு அகலமாகத் திறந்திருக்கிறது. நம் அண்டை மலைகளாகிய பச்சைமலை, கல்வராயன்மலைப் பிள்ளைகள் அண்மை ஆண்டுகளில் அவ்வாயில்கள் வழியே நுழைந்து காட்டியும் உள்ளனர். நமது செங்கரையிலும் ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. அப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை யார் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

வாயில் அகலமாயிருப்பது ஒன்று. உள்ளே வரவேற்பு இருப்பது வேறொன்று. டெல்லியில் நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரியாகிய எய்ம்ஸில், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதைப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து 2007-இல் அறிக்கை அளித்தது. விடுதியில் அவர்கள் ஒதுங்கி வாழ நேர்ந்ததையும், ஆசிரியர் சிலரின் பாராமுகத்தையும் அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. 2016 முதல் ஆண்டுதோறும் வெளியாகும் தேசியத் தரவரிசைப் பட்டியலைப் பெற்றோர் சிலர் கைப்பேசியில் நமக்குக் காட்டுகின்றனர். அந்த எண்ணைப் பார்த்து, தம் பிள்ளை உணவுக்கூடத்தில் யாரோடு அமர்ந்து சாப்பிடுவான் என்பதை ஒரு தகப்பன் அறிந்துகொள்ள இயலாது.

குட்டியானை ஓட்டுநரிடம் போனோம். ஏதோ ஒரு கல்லூரியைச் சொல்வான் என்று எதிர்பார்த்தோம். அவன் கல்லூரியைப் பற்றியே பேசவில்லை. "மெஸ் பில்லு எப்பக் கட்டணும்னு கேளுங்க சாமி. ஸ்காலர்ஷிப் லேட்டானா என்ன பண்ணுவாங்கன்னு கேளுங்க. தீபாவளிக்கு ஹாஸ்டல் மூடிட்டா, அந்தப் புள்ள நைட்டு பஸ்ஸுல தனியா வரணுமான்னு கேளுங்க. நம்ம மலைப்பக்கம் புள்ளைங்க யாராச்சும் அங்க படிக்கறாங்களா, அத மொதல்ல கேளுங்க" என்றான். நாம் முன்னர் எழுதிய பரிந்துரைக் கடிதங்கள் அனைத்திலும் இந்த நான்கில் ஒன்றுகூட இருந்ததில்லை.

ஆகவே கேட்டோம். சென்னைக் கல்லூரியின் அலுவலகத்தில் முதலில் பேசியவர், எல்லாம் விவரக் கையேட்டில் உள்ளது என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்றாம் முறை விடுதிப் பொறுப்பாளர் கிடைத்தார். உதவித்தொகை வரும்வரை உணவுக் கட்டணத்தைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம் என்றார். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், கேட்காத பிள்ளைகளுக்குத் தெரியாது என்றும் வெளிப்படையாகவே சொன்னார். முதற்பருவத்தில் தமிழ்வழி மாணவியருக்கு மாலையில் தனி ஆங்கில வகுப்பு உண்டு. ஏற்காட்டு மலையிலிருந்து வந்த இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி விடுதியில் இருக்கிறாள்; அவளுடைய அறையிலேயே இடம் தர முயல்வதாகச் சொன்னார்.

நாமக்கல்லையும் அதே கண்கொண்டு பார்த்தோம். அங்கே கற்பிப்புக் கட்டணம் இல்லை. பழங்குடியினர் நலத்துறை விடுதியில் இடம் கிடைத்தால் உணவும் உறைவிடமும் இலவசம். ஆயினும், "காலையில் போய் மாலையில் வந்துவிடலாம்" என்ற எண்ணம் மட்டும் சரியல்ல. செம்மேட்டிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அதில் எழுபது வளைவுகள். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்கு ஐந்து ஆறு மணி நேரம் சாலையிலேயே கழியும். அப்படிப் போய்வந்த பிள்ளைகள் எத்தனை பேர் இரண்டாம் பருவத்தோடு நின்றார்கள் என்பதை நம் பங்கிலேயே எண்ணிச் சொல்ல முடியும். கண் முன்னால் இருப்பதாகத் தோன்றும் கல்லூரியும் மலைப்பிள்ளைக்கு வெளியூர்தான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்குள் இருந்தால் பழங்குடி மாணவருக்கு மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை உண்டு. இவை அனைத்திற்கும் அடிப்படை சாதிச் சான்றிதழ். அதைப் பழங்குடியினருக்கு வழங்குபவர் கோட்டாட்சியர், வட்டாட்சியர் அல்லர். முடிவு வந்த பின் ஓடுகிறவர்களே அதிகம். பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கும்போதே விண்ணப்பித்து வாங்கி, கறையான் எட்டாத இடத்தில் வையுங்கள்.

வாரம் கழிந்து அவர்கள் மூவரும் மீண்டும் வந்தனர். நாம் சேகரித்ததையெல்லாம் தகப்பனாரிடம் ஒப்பித்தோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். தாயார் கேட்டது ஒன்றுதான்: "காய்ச்சலு கீச்சலுன்னா யாரு சாமி பாப்பாங்க?" விடுதிப் பொறுப்பாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். படிக்கத் தெரியாத அந்தத் தாய் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

அதன் பின்னர்தான், இரண்டு முறை வந்தும் அந்தப் பெண்ணிடம் நாம் ஒன்றும் கேட்கவில்லை என்பது உறைத்தது. "உனக்கு எங்கேயம்மா போக விருப்பம்?" என்றோம்.

"பிசிக்ஸ் லேப் எங்க நல்லா இருக்கோ அங்க, சாமி" என்றாள்.

பள்ளியில் ஒரே ஒரு வெர்னியர் அளவியை வைத்துக்கொண்டு வகுப்பு முழுதும் வரிசையில் நின்றதாம். தன் முறை வரும்போது மணி அடித்துவிடும் என்றாள். பெரியவர்கள் நாம் நால்வர், ஓட்டுநரையும் சேர்த்தால் ஐவர், பெயரையும் தொலைவையும் பணத்தையும் காய்ச்சலையும் பற்றி ஒரு வாரம் பேசியிருக்கிறோம். எதைப் படிக்கப் போகிறாள் என்ற ஒன்றைப் பேசியவள் அவள்தான். இராமேசுவரத்துப் படகோட்டி வீட்டில் பிறந்த அப்துல் கலாம், திருச்சி தூய வளனாரில் இயற்பியல் படித்து முடித்த பின்னரே சென்னை எம்.ஐ.டி.க்குப் போனார் என்பதையும், அந்தக் கட்டணத்திற்காக அவருடைய சகோதரி தம் நகையை அடகு வைத்தார் என்பதையும் அவளுக்குச் சொன்னோம். அருகில் தொடங்கிப் பின்னர் தொலைவுக்குப் போவதும் ஒரு வழிதான் என்பதற்காகச் சொன்னோம். அவள் மரியாதையுடன் கேட்டாள். பிறகு இரண்டு கல்லூரிகளின் இயற்பியல் ஆய்வுக்கூடங்களைப் பற்றியும் நம்மிடம் கேள்வி கேட்டாள். நமக்கு விடை தெரியவில்லை. மறுபடியும் தொலைபேசியை எடுத்தோம்.

முடிவில் சென்னை என்றாயிற்று. வேறொரு பிள்ளையாக இருந்தால் நாமக்கல் என்றே சொல்லியிருப்போம். அதிலும் தாழ்வு ஏதும் கண்டிருக்க மாட்டோம். இவளுக்குப் படிக்க வேண்டியது எது என்பது தெரிந்திருந்தது. அங்கே அவளுக்காக ஓர் அறைத்தோழியும், பெயர் தெரிந்த ஒரு பொறுப்பாளரும் இருந்தனர். நம் பங்குக்கு, வாரம் ஒரு கடிதம் எழுதுவதாக அவளிடம் ஒப்புக்கொண்டோம். கைப்பேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தகப்பனார் கேட்டார். இருக்கட்டும் என்றோம்.

புறப்படும் நாளில் அவளுடைய தகரப் பெட்டியும் பாயும் ஒரு மூட்டைச் சாமை அரிசியும் குட்டியானையில் ஏறின. வாடகை வாங்க மாட்டேன் என்று ஓட்டுநர் சொல்லிவிட்டான். அந்த வண்டியின் முன்பக்கம் ஓட்டுநரை விட்டால் ஒருவரே உட்காரலாம். அந்த இடத்தில் அவளை அமர்த்திவிட்டு, தகப்பனாரும் நாமும் பின்னால் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டோம். சோளக்காட்டைத் தாண்டியதும் அவன் பேசத் தொடங்கியது பின்சன்னல் வழியே கேட்டது. "மலையாளின்னா கேரளாவான்னு கேப்பாங்க. கோவப்படாத. நீயும் சிரிச்சுக்கிட்டே சொல்லு. சாப்பாட்டுக்குக் காசு கட்ட லேட்டாச்சுன்னா ரூமுல போய்ப் படுத்துக்காத. நேரா போய் அந்த அம்மாகிட்ட சொல்லு, வெக்கப்படாத..." வளைவுக்கு வளைவு வண்டியின் இரைச்சல் கூடிற்று. மீதி நம் காதில் விழவில்லை. கண்ணாடியில் அவள் தலை அசைவது மட்டும் தெரிந்தது. காரவள்ளியில் வண்டி நின்ற பிறகும் அவன் பேச்சு முடிந்திருக்கவில்லை.